யார்சாகும்பா: பனிமலைப் புல்வெளியிலிருந்து தராசுத் தட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் பிறந்ததும் மேற்கு நேபாளத்தின் டோல்பா, ருக்கும், ஜும்லா, தார்ச்சுலா பக்கமெல்லாம் ஊர்கள் காலியாகத் தொடங்கும். முடியாத கிழவரோ கிழவியோ வீட்டுக் காவலுக்கு இருப்பார்கள். மற்றவர்கள் தார்ப்பாய், அரிசி, பாத்திரம் என்று கட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். பல பள்ளிக்கூடங்கள் அந்த வாரங்களில் பூட்டியே கிடக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் உத்தராகண்டின் பித்தோராகட், சமோலி, பாகேஷ்வர் மாவட்டங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். இத்தனை பேரும் தேடிப் போவது, மண்ணிலிருந்து விரல் நீளத்துக்கும் குறைவாக எட்டிப்பார்க்கும் யார்சாகும்பா என்ற ஒரு பழுப்பு நிறக் குச்சியை.

இந்த வழிகாட்டியைப் படித்துவிட்டு நீங்கள் போய்த் தோண்ட முடியாது. ஏன் முடியாது என்பதை இரண்டாம் படியில் சொல்கிறேன். ஆனால் இதையே 'இமயமலைக் கார்டிசெப்ஸ்' என்று போட்டு தமிழிலேயே மாத்திரை விளம்பரங்கள் வருகின்றன. பார்த்துவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு, பொருள் மண்ணிலிருந்து தராசுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதல் படி: இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

திபெத்தியர் வைத்த பெயர் யார்த்சா குன்பு. கோடையில் புல், குளிரில் புழு என்று பொருள். அதுதான் நேபாளிகள் வாயில் யார்சாகும்பா ஆயிற்று. உத்தராகண்டின் குமாவோன் மலைக்காரர்களுக்கு அது கீடா ஜடி, புழு மூலிகை. சீனர்கள் தோங் சோங் சியா சாவோ என்கிறார்கள். அதுவும் அதே குளிர்ப்புழு, கோடைப்புல்தான். அறிவியல் பெயர் ஓஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ். 2007 வரை கார்டிசெப்ஸ் சைனென்சிஸ் என்று இருந்ததை ஆய்வாளர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். கடைக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. அதில் அவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது பின்னால் வரும்.

பெயரில் புல் இருந்தாலும் இது தாவரமே இல்லை, பூஞ்சை. தித்தரோடெஸ் என்ற அந்துப்பூச்சிக் கூட்டத்தின் புழுக்கள் சுமார் 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்துப் புல்வெளிகளில், மண்ணுக்குள்ளேயே வேர்களைத் தின்று பல ஆண்டுகள் வாழும். பூஞ்சையின் வித்துத்தூள் மண்ணில் இறங்கி ஒரு புழுவைத் தொற்றிக்கொண்டால் அதன் உடலை உள்ளிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று நிரப்பும். குளிர்காலத்துக்கு முன்னால் அந்தப் புழு மண்ணின் மேல்மட்டத்துக்கு வந்து, தலை மேலே பார்த்தபடி செத்துப்போகும். அதன்மேல் பனி மூடும். பனி உருகியதும் தலையிலிருந்து ஒரு தண்டு கிளம்பி மண்ணைத் துளைத்து வெளியே வரும். நீங்கள் கையில் எடுப்பது புழுவின் தோலை உறையாகப் போட்டுக்கொண்ட பூஞ்சைக் கட்டி.

இனிச் சொல்வதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். மீதிப் படிகள் அத்தனையும் இதைச் சுற்றித்தான் வரும். தண்டு இளசாக இருக்கும்போது கீழே புழு உடல் கெட்டியாக, உள்ளே வெண்மஞ்சளாக, நிறைந்து இருக்கும். தண்டு முற்றி வித்துத்தூளைக் காற்றில் விடும் வேளையில் உடலிலிருந்த சத்தெல்லாம் மேலே போய்விடும். உடல் தொளதொளத்து உள்ளே பொக்கையாகும். வியாபாரிக்கு வேண்டியது கெட்டி உடல். எனவே விதைப்பதற்கு முன்பே அறுத்துவிடும் பயிர் இது. நெல்லை விதைநெல் வைக்காமல் முழுக்க அறுத்து விற்றால் என்ன ஆகுமோ அந்த ஆபத்து இதன் தலைமேல் எப்போதும் தொங்குகிறது.

இரண்டாம் படி: யாருடைய புல்வெளி?

உத்தராகண்டில் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே விரியும் புல்வெளியைப் புக்யால் என்பார்கள், நேபாளத்தில் பாட்டன். பார்ப்பதற்கு வெறும் திறந்தவெளி. ஆனால் எந்த ஓடைவரை எந்த ஊருக்கு, எந்த முகடு யாருக்கு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். உத்தராகண்டில் பெரும்பாலும் வன பஞ்சாயத்துகளின் வழியாகத்தான் இந்த உரிமை நடக்கிறது. கீடா ஜடி எடுப்பதற்கென்று மாநில அரசு 2018இல் தனி விதிமுறையும் கொண்டுவந்தது. நேபாளத்தில் 2001 வரை எடுப்பதும் விற்பதும் தடைசெய்யப்பட்டிருந்தன. தடை நீங்கியபின் உள்ளூர்க் குழுக்கள் தொடக்க நாள் குறிப்பதும், அனுமதிச் சீட்டுக் கொடுப்பதும், உள்ளூராருக்கு ஒரு கட்டணம் வெளியாருக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம் என்று வாங்குவதும் வழக்கமாயின. பூடான் 2004இல் அனுமதித்தது. அங்கே அரசு மேற்பார்வையில் ஏலம் விட்டு விற்கிறார்கள்.

சீட்டு இல்லாமல் ஏறுவது வெறும் சட்டமீறலோடு முடிவதில்லை. 2009 ஜூனில் கோர்க்கா மாவட்டத்திலிருந்து யார்சாகும்பா எடுக்க வந்த 7 பேர், மனாங் மாவட்டத்து நார் என்ற ஊரின் புல்வெளியில் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 2011இல் நீதிமன்றம் ஊர்க்காரர்கள் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சிறிய ஊர் அது. அத்தனை ஆண்கள் ஒரே வழக்கில் சிக்கினால் அங்கே மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து மலையேற்றம் போகிறவர் "ஒன்றிரண்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமே" என்று குனிவதற்கு முன் இதை ஒருமுறை நினைக்க வேண்டும். பார்த்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தொடாதீர்கள்.

மூன்றாம் படி: உயரத்துக்கு உடம்பைப் பழக்குதல்

மலையில் பிறந்தவர்களுக்கும் 4,500 மீட்டர் விளையாட்டு இல்லை. 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவில் தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. சீசன் தொடங்கும் நாளைத் தவறவிடக்கூடாது என்ற அவசரத்தில் இந்த விதிதான் முதலில் காற்றில் பறக்கும். தலைவலியும் குமட்டலும் எச்சரிக்கை. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்குவதுதான் முதல் மருந்து.

முகாம் என்றால் தார்ப்பாய்க் கூடாரம்தான். ஒரு மாதத்துக்கு மேல் அங்கேதான் சமையல், தூக்கம், சண்டை, சீட்டாட்டம் எல்லாம். இரவில் பனி பெய்தால் காலையில் வேலை இல்லை. பனி கரையும்வரை தண்டு கண்ணுக்குத் தெரியாது. அடுப்புக்கு ஜூனிப்பர் புதர், குள்ள ரோடோடென்ட்ரான் என்று கிடைத்ததையெல்லாம் வெட்டுகிறார்கள். அந்த உயரத்தில் கை பருமன் உள்ள ஒரு புதர் வளர எத்தனையோ ஆண்டாகும். மண்ணெண்ணெய், எரிவாயு கொண்டுவர வேண்டும் என்று விதி போடும் ஊர்கள் செய்வது சரி. கோவேறு கழுதை வாடகை கூடும் என்பது உண்மைதான், ஆனாலும் சரி.

நான்காம் படி: கண்டுபிடித்தல்

பனி கீழிருந்து மேலாக உருகும். தேடுகிறவர்களும் அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டே ஏறுவார்கள். மே நடுவில் கீழ்ப் புல்வெளிகள், ஜூனில் மேல்முகடுகள். ஜூலை வந்து மழை பிடித்தால் முடிந்தது. பூடானில் பெரும்பாலும் ஒரு மாதம்தான் அனுமதி.

தண்டு கரும்பழுப்பு. சுற்றிலும் போன ஆண்டின் காய்ந்த புல், அதுவும் ஏறத்தாழ அதே நிறம். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனவே முழங்கையும் முழங்காலும் தரையில் பட, சரிவின் போக்கிலேயே தவழ்ந்து, கன்னம் புல்லில் உரச, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது புள்ளியாகத் தெரிவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது குச்சியாக நிற்கும். குழந்தைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். கண் கூர்மை, உடம்பு தரைக்குப் பக்கம். பள்ளிகள் பூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். குடும்பத்துக்குக் காசு, பிள்ளைக்கு ஆண்டில் ஒரு மாதப் படிப்புப் போச்சு. இதில் எது நியாயம் என்று சமவெளியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டோல்பாவில் நடந்த ஓர் ஆய்வில் வீடுகளின் ரொக்க வருமானத்தில் 53 விழுக்காடு இந்தப் புழுவிலிருந்தே வந்தது.

ஒரு நாளில் எத்தனை கிடைக்கும் என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. ஒன்றுமே கிடைக்காத நாளும் உண்டு. டோல்பாவில் ஓர் ஆளுக்கு ஒரு பருவத்தில் கிடைத்தது 2006இல் சராசரி 260 உருப்படி. 2010இல் சுமார் 126. நான்கே ஆண்டில் பாதி. நேபாளத்தின் மொத்த வணிகமும் 2009இல் சுமார் 2,440 கிலோவைத் தொட்டு 2011இல் 1,170 கிலோவுக்கு இறங்கியது. தோண்டும் கூட்டம் பெருகியதும் விதைக்குமுன் எடுப்பதும் ஒரு காரணம். வெப்பம் கூடுவது இன்னொன்று: கெல்லி ஹாப்பிங் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஆழத்தில் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண் உள்ள இடங்களிலும் அவற்றின் அருகிலும்தான் இது நன்றாக விளைகிறது என்றும், குளிர்காலங்கள் சூடாவது விளைச்சலைக் குறைக்கிறது என்றும் சொன்னது. 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியல் இதை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகச் சேர்த்தது.

ஐந்தாம் படி: தோண்டுதல்

கருவி நம்மூர்க் களைக்கொத்துப் போல ஒரு சிறு கொத்துதான். முதல் தவறு தண்டைப் பிடித்து இழுப்பது. இழுத்தால் தண்டு கையோடு வரும், உடல் மண்ணோடு நிற்கும். தண்டுக்கு மூன்று நான்கு விரற்கடை தள்ளிக் கொத்தை இறக்கி, நெம்பி, புல்லோடு ஒரு மண்ணாங்கட்டியாகப் பெயர்த்து எடுக்க வேண்டும். பிறகு கொத்தைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் மட்டும் மண்ணை உதிர்க்க வேண்டும். வேர்க்கடலைச் செடியிலிருந்து கடலையை மண் உதிர்த்து எடுப்பது போல, அதைவிடப் பொறுமையாக. தலையும் தண்டும் சேரும் இடம்தான் பலவீனமான இடம். அங்கே முறிந்தால் விலை பாதிக்கும் கீழே போய்விடும்.

எடுத்த கட்டியை அப்படியே குழியில் திருப்பி வைத்து, புல் மேல்பக்கம் இருக்கும்படி காலால் ஒருமுறை அழுத்திவிட வேண்டும். பத்து வினாடி வேலை. செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம். அந்த உயரத்தில் புல்தரை ஒருமுறை திறந்தால் காற்றும் உருகுநீரும் குழியை அகலமாக்கிக்கொண்டே போகும். இன்னும் தொற்றுப் படாத உயிர்ப்புழுக்கள் அதே மண்ணில், அதே வேரைத் தின்றுகொண்டு இருக்கின்றன. அடுத்தடுத்த ஆண்டுகளின் சரக்கு அவைதான்.

தண்டு நீண்டு, மேற்பகுதி தடித்துச் சொரசொரப்பாக இருந்தால் அது வித்து விடத் தயாராகிவிட்டது. அதைத் தோண்டினால் கிடைப்பது பொக்கை உடல், சில்லறைக் காசு. விட்டால் வித்துத்தூள் அந்தச் சரிவிலேயே இறங்கும். வியாபாரக் கணக்கிலேயே பார்த்தாலும் விடுவதுதான் லாபம். ஆனால் நான் விட்டால் பின்னால் வருகிறவன் எடுத்துக்கொள்வான் என்ற பயம் இருக்கிறதே, அதற்குத் தனி ஆளிடம் மருந்து இல்லை. ஊர் கூடி ஒரு தேதி வைத்து, அதோடு எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்றால்தான் நடக்கும்.

ஆறாம் படி: துலக்கி உலர்த்துதல்

ஈரம் காய்வதற்குள் பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணையும் மேலே படிந்த படலத்தையும் தேய்த்து எடுக்க வேண்டும். காய்ந்தால் மண் ஒட்டிக்கொள்ளும், தேய்த்தால் கால்கள் உதிரும். தண்ணீரில் கழுவக்கூடாது. துணியில் பரப்பி நன்றாக உலர்த்தி, வளைத்தால் பட்டென்று ஒடியும் பதம் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். ஈரம் மிச்சம் இருந்தால் வேறு பூசணம் பிடித்து மொத்தமும் வீண்.

ஏழாம் படி: தரம் பிரித்தல், விற்றல்

புல்வெளியில் தரகர் எடை போடுவதில்லை, உருப்படிக் கணக்குத்தான். நன்கு உலர்ந்த ஒன்று சுமார் கால் கிராமிலிருந்து அரை கிராம்வரை. ஒரு கிலோவுக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாமல், சிறிதாக இருந்தால் நாலாயிரம்வரைகூட வேண்டும். சீனச் சந்தையில் 500 கிராமில் எத்தனை உருப்படி என்பதே தரத்தின் பெயர்: ஆயிரம் என்றால் முதல் தரம், இரண்டாயிரம் என்றால் அதற்குக் கீழே. திபெத்தின் நாக்சூ பகுதிச் சரக்குக்குத் தனி மவுசு.

இதன் விலை இப்படி ஏறியதில் ஓட்டப்பந்தயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1993இல் பயிற்சியாளர் மா ஜுன்ரென்னின் சீன வீராங்கனைகள் உலகச் சாதனைகளை நொறுக்கினார்கள். வாங் ஜுன்சியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 வினாடியில் ஓடி, பழைய சாதனையிலிருந்து 42 வினாடியைக் கழித்தார். புழுப்பூஞ்சையும் ஆமை ரத்தமும்தான் ரகசியம் என்றார் பயிற்சியாளர். பின்னாளில் அந்தச் சாதனைகள் மீது ஊக்கமருந்துச் சந்தேகம் கவிந்தது. ஆனால் அதற்குள் பூஞ்சையின் புகழ் உலகம் சுற்றிவிட்டது.

எட்டாம் படி: வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

முழு உருப்படியாக வந்தால் சோதிக்கலாம். சீன அரசு மருந்து நூல் சொல்லும் அடையாளங்கள் இவை: உடல் 3 முதல் 5 செ.மீ., மஞ்சள் பழுப்பு, 20 முதல் 30 வளையங்கள், தலை அருகே வளையம் நெருக்கம், தலை செம்பழுப்பு. கால்கள் 8 ஜோடி. அவற்றில் நடுவிலுள்ள 4 ஜோடி எடுப்பாகத் தெரியும். போலிகளில் பெரும்பாலும் இந்த நடு நான்கில்தான் கோட்டை விடுவார்கள். லேசான கவிச்சி வாடை, மெல்லிய கசப்பு. ஒடித்தால் உள்ளே வெண்மஞ்சள்.

ஒடித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். முறிந்ததை ஒட்ட உள்ளே ஈர்க்குச்சி செருகுவது பழைய வித்தை. எடை கூட்ட உலோகக் கம்பி செருகுவது அதைவிட மோசம், அது வயிற்றுக்கும் போகும். மாவை அச்சில் வார்த்துச் சாயம் பூசுவதும் உண்டு.

பொடி, மாத்திரை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. இங்கேதான் முதல் படியில் சொன்ன பெயர் வசதி. நம்மூரில் கார்டிசெப்ஸ் என்று விற்பது பெரும்பாலும் கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற வேறு இனம். ஆரஞ்சு நிறத்தில், அரிசி போன்ற ஊட்டத்தில், குளிரூட்டிய அறையில், கண்ணாடி ஜாடிகளில் வளர்வது. வளர்ப்பதும் விற்பதும் தவறே இல்லை. அதன் டப்பாவில் பனிமலைப் படம் போடுவதுதான் தவறு. ஒரு எளிய தடயம்: லேபிளில் 'கார்டிசெபின்' என்ற வேதிப்பொருளின் அளவைப் பெரிதாகப் பறைசாற்றியிருந்தால் அது மலைப்புழு இல்லை. மிலிட்டாரிஸ் அந்தப் பொருளை உண்டாக்கும். மலைப்பூஞ்சைக்கு அதை உண்டாக்கும் திறனே இல்லை என்று 2017இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. விலையும் ஒரு தடயம்தான். அசலின் ஒரு கிலோ பல லட்ச ரூபாய். அறுபது மாத்திரை ஆயிரம் ரூபாய்க்கு வந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: சாப்பிடலாமா?

நேபாளத்தில் பாலிலோ தேனிலோ போட்டுக் குடிக்கிறார்கள். சீனத்தில் வாத்துக்குள் வைத்து வேகவைக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டுத் திபெத்திய மருத்துவ நூலிலேயே இது வருகிறது. நுரையீரல், சிறுநீரகம், ஆண்மை என்று மூன்றுக்கும் பேர்போனது. 'இமயமலை வயாகரா' என்ற பட்டத்தைத் தந்தவர்கள் செய்தித்தாள்காரர்கள்.

மனிதரில் நிரூபணம் என்று தேடினால் கை காய்ந்துதான் திரும்ப வேண்டியிருக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு இதைக் கொடுத்த ஆய்வுகளை 2014இல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. சில நல்ல அறிகுறிகள் தெரிந்தன, ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது. ஆபத்துப் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. 2016இல் சீன உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்த புழுப்பூஞ்சைப் பொருட்களில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம்வரை ஆர்சனிக் இருந்தது. அந்த நாட்டு வரம்பு 1 மில்லிகிராம். நீண்ட நாள் சாப்பிட்டால் ஆர்சனிக் உடலில் கூடுதலாகச் சேரக்கூடும் என்று அந்த அமைப்பே எச்சரித்தது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரைக்கு மருந்தோ ஊசியோ போடுபவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது டப்பாவையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "ஏதோ மூலிகை, டாக்டர்" என்று வாயால் சொன்னால் அவருக்கு எந்த இனம், என்ன அளவு என்று எதுவும் தெரியாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் நீங்கள் மயக்க மருந்து நிபுணரிடமும் இதைச் சொல்ல வேண்டும்.